பார்த்தேன் என்று முப்பத்திரண்டு பேர்

வெள்ளவத்தை
05.05.2024

அன்புள்ள ஜீவராணி அண்ணிக்கு,

நீங்களும் அண்ணனும் அம்மாவும் சுகம்தானே? போனில் கேட்டால் "எல்லாம் நல்லா இருக்கு" என்று வைத்துவிடுகிறீர்கள். அதனால்தான் கடிதம். நீங்களும் எழுதுங்கள். எழுதும்போதுதான் குறை சொல்வீர்கள், எனக்கு இப்போது குறைதான் வேண்டும்.

குளவிச் செயலியின் முதல் பதிப்பு நாளை நம் தேயிலைத் தோட்டத்தில் தொடங்குகிறது. கணேசமூர்த்தி கங்காணி குளவிக்கூட்டைக் கண்டால் எந்த மலை என்று தன் போனில் போடுவார். உடனே அம்மா உட்படக் கொழுந்தெடுக்கிற முப்பத்திரண்டு பேருடைய போனும் அடிக்கும். "பார்த்தேன்" என்ற பொத்தானை அழுத்தும்வரை விடாது. வேண்டுமென்றேதான் அப்படிச் செய்தேன். யாராவது ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் லெட்சுமி அத்தை குளவி கொட்டிச் செத்திருக்க மாட்டார் என்று அம்மா இரண்டு வருடமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறாரே.

வேலையை விட்டு எட்டு மாதமாகிறது. களைத்துவிட்டேன் அண்ணி. இது ஒன்று நடந்துவிட்டால் போதும்.

அன்புடன்,
லோஜினி

மேல்பிரிவு, வட்டகொடை
19.05.2024

அன்பு லோஜினிக்கு அண்ணி எழுதுவது.

இங்கே எல்லோரும் சுகம். மழை விட்டபாடில்லை. பஸ்ஸில் கொடுத்துவிட்ட லீக்ஸும் கரட்டும் வந்ததா? சமைத்தாயா, இல்லை வாட விட்டாயா?

உன் குளவிச் செயலி மூன்று தடவை அடித்தது. குறை கேட்டாயே, சொல்கிறேன். நனைந்துவிடும் என்று எல்லோரும் காலையில் பிள்ளைகளோடு சேர்த்துப் போனையும் பிள்ளைக்காம்பராவில் என்னிடம் விட்டுவிட்டுத்தான் மலைக்குப் போகிறார்கள். அப்போதுதான் பிள்ளைகள் கண்ணசரும். முப்பத்திரண்டும் ஒன்றாக அடித்தால் பதினொரு பிள்ளையும் எழும்பி வீறிடுகிறது. ஒவ்வொன்றாக எடுத்து அழுத்தி அடக்குவதற்குள் எனக்குப் போதும் போதும் என்றாகிவிடுகிறது. சத்தத்தைக் கொஞ்சம் குறைக்க முடியுமா?

மாமி பார்க்கிறவர்களிடமெல்லாம் "எம்மக செஞ்சது" என்று போனைக் காட்டுகிறாங்க. நேரத்துக்குச் சாப்பிடு.

அண்ணி
ஜீவராணி

வெள்ளவத்தை
26.05.2024

அன்புள்ள அண்ணி,

சத்தத்தைக் குறைத்துவிட்டேன், பிள்ளைகள் தூங்கட்டும். லீக்ஸ் பாதி அழுகிவிட்டது, திட்டாதீர்கள்.

ஒரு நல்ல செய்தி. மூன்று தடவையும் முப்பத்திரண்டு பேரும் "பார்த்தேன்" அழுத்தியிருக்கிறார்கள். அதுவும் பத்து நிமிடத்துக்குள். என்னோடு இந்தச் செயலியைச் செய்கிற திலக்ஷன் நம்பவே இல்லை. "எங்க ஆளுங்களப் பத்தி உங்களுக்குத் தெரியாது" என்று சொன்னேன். ஜூன் இருபதாம் திகதி ஒரு தோட்டக் கம்பெனியில் இதைக் காட்டப் போகிறேன். பிடித்துப்போனால் பன்னிரண்டு தோட்டத்துக்குப் போகும். எட்டு மாதத்தில் முதல் தடவையாக நேற்றுத்தான் நன்றாகத் தூங்கினேன்.

உங்கள்
லோஜினி

மேல்பிரிவு, வட்டகொடை
14.06.2024

லோஜினி,

மாமி நேற்று ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்துவிட்டாங்க. முகத்தில் வீக்கம் இன்னும் வற்றவில்லை. ஒரு கண் திறக்கவில்லை. கஞ்சி குடிக்கிறாங்க. குளவி கொட்டிய மற்ற நாலு பேரும் நல்லபடி இருக்கிறார்கள்.

நீ ஆஸ்பத்திரிக்கு வந்து கட்டில் பக்கத்தில் நின்று கேட்டாய். "அஞ்சு பேரும் பாத்தேன்னு அழுத்தியிருக்கீங்க. அப்புறம் ஏம்மா அந்த மலைக்குப் போனீங்க?" வார்டே திரும்பிப் பார்த்தது. மாமி அந்த முகத்தோடு, "பாத்தேன்டி, வேல மும்முரத்துல மறந்துட்டேன்" என்றாங்க. நான் பிளாஸ்க்கைப் பிடித்துக்கொண்டு உன் பின்னால்தான் நின்றேன். அப்போதே சொல்லியிருக்க வேண்டும்.

மாமி பார்க்கவே இல்லை. போன் என்னிடம் இருந்தது. முப்பத்திரண்டையும் அழுத்தியது நான். அழுத்தினால் சத்தம் நிற்கும் என்று மட்டும்தான் எனக்குத் தெரியும். நீ அங்கே உட்கார்ந்து அதை ஆள் பார்த்ததாக எண்ணிக்கொண்டிருப்பாய் என்று தெரியாது. முன்பெல்லாம் கூடு கண்டால் கங்காணி மலைக்கு ஓடிவந்து கத்துவார், அன்றைக்கும் கத்துவார் என்று இருந்துவிட்டேன். அவரைக் கேட்டால், "எல்லாரும் பாத்துட்டாங்கன்னு போன்ல வந்துச்சே, பொறவு எதுக்குக் கத்தணும்?" என்கிறார்.

உன்னிடம் சொல்லக்கூடாது என்று மாமி என் கையைப் பிடித்துச் சத்தியம் வாங்கிவிட்டாங்க. இருபதாம் திகதி கெட்டுப்போகுமாம். என்னால் முடியவில்லை. பன்னிரண்டு தோட்டம் என்று எழுதியிருந்தாய். அங்கேயும் பிள்ளைக்காம்பரா இருக்கும் லோஜினி.

ஜீவராணி

வெள்ளவத்தை
21.06.2024

அன்புள்ள அண்ணி,

உங்கள் மே மாதக் கடிதத்தை எடுத்துத் திரும்ப வாசித்தேன். எல்லாமே எழுதியிருந்தீர்கள். போன் எங்கே இருக்கிறது, யார் அழுத்துவது, எதற்காக. குறை சொல்லுங்கள் என்று கேட்டுவிட்டு, சத்தம் என்ற ஒரு சொல்லை மட்டும் பார்த்திருக்கிறேன். உங்கள்மேல் கோபமில்லை. என்னை நினைத்தால்தான் வெட்கமாக இருக்கிறது.

நேற்றுக் கம்பெனிக்குப் போய் நடந்ததை அப்படியே சொன்னேன். மரியாதையாகக் கேட்டுவிட்டு அனுப்பிவிட்டார்கள். செயலியை நிறுத்திவிட்டேன். இனி எதுவும் அடிக்காது. பழையபடி மலைக்கு ஓடிக் கத்தச் சொல்லிக் கங்காணியிடமும் பேசிவிட்டேன். திலக்ஷன் வேறு வேலை தேடுகிறான். மறுபடி தொடங்குவேனா என்று கேட்காதீர்கள், இப்போது தெரியவில்லை. தொடங்கினால் முதலில் ஒரு மாதம் உங்களோடு பிள்ளைக்காம்பராவில் உட்கார்ந்திருப்பேன்.

அம்மாவிடம் போனில் மன்னிப்புக் கேட்டேன். "அடி போடி" என்று வைத்துவிட்டார். ஆஸ்பத்திரியில் அத்தனை பேர் முன்னால் அவரை அந்தக் கேள்வி கேட்டிருக்கக் கூடாது. அவர் எப்படி இருக்கிறார் என்று நீங்கள்தான் எழுத வேண்டும்.

லோஜினி

மேல்பிரிவு, வட்டகொடை
05.07.2024

அன்பு லோஜினிக்கு,

மாமி திங்கட்கிழமையிலிருந்து வேலைக்குப் போகிறாங்க. கண் திறந்துவிட்டது.

மற்ற எல்லோரும் வழக்கம்போல் போனை என்னிடம் தந்தார்கள். மாமி தரவில்லை. ஒரு சொப்பிங் பையில் சுற்றி, மழைக்குக் கட்டுகிற படங்குக்குள்ளே இடுப்பில் செருகிக்கொண்டாங்க. "மாமி, அத அவ நிப்பாட்டிட்டா. இனிமே அடிக்காது" என்றேன்.

"தெரியும்" என்றாங்க. "அன்னைக்கே இப்புடி எடுத்துட்டுப் போயிருந்தா எம்புள்ள தோத்திருக்க மாட்டா."

தினமும் அப்படியே கொண்டு போகிறாங்க. நீ ஒரு தடவை வந்துவிட்டுப் போ.

அண்ணி
ஜீவராணி