வெறும் தறியின் சத்தம்

வெள்ளி இரவு.

வயர்லெஸ் சிக்னலை ஒட்டுக்கேட்பவரிடமிருந்து காப்பதுதான் என் ஆராய்ச்சி. பாஸ்வேர்டு எதுவும் இல்லாமல், ஒட்டுக்கேட்பவர் பக்கம் மட்டும் இரைச்சலை அனுப்புவது ஒரு வழி. காலையில் அம்மாவிடம் சொன்னேன்.

"இதுக்கா இவ்ளோ படிப்பு? பக்கத்து வீட்டுக்குக் கேக்கக் கூடாத பேச்செல்லாம், அப்பா தறி நெய்யும்போதுதான நாங்க பேசிகினு இருக்கோம்" என்று சிரித்தாள்.

சாயங்காலம் என் அறைக்குத் தறிச் சத்தம் கேட்டது. நெய்து முடித்த புடவையை நேற்றே தறியிலிருந்து அறுத்தாயிற்று, புதுப் பாவு நூல் இன்னும் ஏற்றவில்லையே என்று எட்டிப் பார்த்தேன். அப்பா வெறும் தறியை அடித்துக்கொண்டிருந்தார். அம்மா அவர் காதருகே குனிந்து, கண்ணைத் துடைத்தபடி ஏதோ சொல்லிக்கொண்டிருந்தாள். ஒரு வார்த்தையும் எனக்குக் கேட்கவில்லை.

பக்கத்து வீட்டார் கலசப்பாக்கத்தில் ஒரு கல்யாணத்துக்குப் போயிருக்கிறார்கள். வீடு பூட்டிக் கிடக்கிறது.

காதுக்கு எட்டும் தூரத்தில் இருந்தது நான் மட்டும்தான்.