தூக்காத கொடி

அந்த அரையிறுதியில் நாங்கள் தோற்றதற்கு நீதான் காரணம். உன் செத்தவீட்டில் இதைச் சொல்லவில்லை. இப்போது சொல்கிறேன்.

நம் கால்பந்துக் கழகத்தின் பழைய பையை இன்று கொட்டித் துப்புரவாக்கத் தொடங்கினேன். காற்றுப்போன பந்து, ஒற்றைச் சப்பாத்து, அடியில் உன் கொடி. தரை கூட்டும் தும்புத்தடியைப் பாதியாக வெட்டி, நீ வேலைசெய்த சமையலறையின் செம்மஞ்சள் துணியை நூலால் சுற்றிக் கட்டியது. இத்தனை வருடத்துக்குப் பிறகும் அதில் பாத்திரம் கழுவும் எலுமிச்சைச் சவர்க்காரம் மணக்கிறது. மிச்சத்தைத் துப்புரவாக்க மனம் வரவில்லை.

நமது போட்டிகளில் நடுவரை மட்டும்தான் ஏற்பாட்டாளர்கள் தருவார்கள். கோட்டோரம் ஓடி, பந்து வரமுன்பே கடைசித் தடுப்பாளனைத் தாண்டி நிற்பவனுக்கு ஓஃப்சைட் என்று கொடி தூக்க ஒவ்வொரு கழகமும் தன் ஆளைத் தரவேண்டும். அவரவர் கொடி அவரவர் பக்கம்தான் எழும்பும். அதை யாரும் களவென்று சொல்வதில்லை. உன் முழங்கால் போன பிறகு எங்கள் கொடி நீ.

அரையிறுதிக்கு முதல்நாள், சனிக்கிழமை. நம் கடைத்தெருவான ஃபொபூர் சேன்-தெனியில் ரூபன் அண்ணையின் சலூன். முடி வெட்ட ஒருவர், கதைக்க ஏழு பேர். எதிரணியின் தாக்குதலை, அதிலும் அவர்களுக்குக் கோல் அடிக்கும் சின்னவனை, எப்படி மறிப்பது என்பதே கதை.

"சின்னவனை ஆர் பிடிக்கிறது?" என்று ரூபன் அண்ணை கேட்டார், ஒருவரின் கழுத்தில் கத்தியை வைத்தபடி.

"அவனைப் பிடிக்கேலாது. நான் பந்தைப் பிடிக்கிறன்" என்றான் எங்கள் கோல்காப்பாளன் ஜெகன்.

"போனமுறை நீ ரெண்டையும் பிடிக்கேல்லையடா."

சிரிப்பு அடங்கியதும் நீ தொடங்கினாய். "இடப்பக்கம் ஓடுறவன் பேக்கரியிலை வேலை. விடிய மூண்டு மணிக்கு மா குழைச்சுப்போட்டு வருவான். அரைமணித்தியாலம் ஓட விடுங்கோ, பிறகு தானாய் நிப்பான். வலப்பக்கத்தவனுக்கு ஞாயிறு லீவில்லை. வயித்துக்குத்து எண்டு முதலாளிக்குப் பொய் சொல்லிப்போட்டுத்தான் வருவான். ரெலிபோன் அடிச்சா உடம்பு நிக்கும், மனம் ஓடிப்போயிடும்."

வேறு இடங்களில் எதிரணியைக் காணொளி பார்த்து ஆராய்வார்கள். நாங்கள் எவனுடைய முதலாளி எவ்வளவு கொடியவன் என்பதை வைத்து ஆராய்ந்தோம். வாரம் ஆறு நாள் பிழிந்தெடுத்த உடம்புகளை ஏழாம் நாள் ஓடவிட்டுப் பார்ப்பதுதான் நம் கால்பந்து. உன் கணிப்பு ஒருநாளும் பிழைத்ததில்லை.

"சின்னவன்?" என்றார் ரூபன் அண்ணை.

"அவன் ராத்திரி நல்லாய் நித்திரை கொண்டிட்டு வருவான். அவனிலை குறை இல்லை" என்றாய்.

"இருக்கு" என்றேன் நான். "அவனுக்கு விசா இல்லை. ஒண்டுவிட்ட தமையன்ர கார்டிலைதான் விளையாடுறான். ஆட்டம் தொடங்க முன்னம் படத்தையும் முகத்தையும் பாக்கச் சொல்லிக் கேப்பம். விதியிலை இருக்குத்தானே?"

ஜெகன் தொடையில் தட்டினான். "மூளையடா உனக்கு!" மைதானத்து வாசலில் நகரசபைக் காவலாளி நிற்பான், சத்தம் கேட்டால் பொலிசைக் கூப்பிடுவான் என்பது அங்கிருந்த எல்லோருக்கும் தெரியும். எனக்கும் தெரியும்.

"கார்ட் கேட்டா நான் கொடி பிடிக்கமாட்டன்" என்றாய்.

"நீ ஆற்றை ஆள்?" என்று உன்னை முறைத்தேன்.

என் சட்டைக்கையில் பிடித்து வெளியே இழுத்துக்கொண்டு போனாய். பக்கத்துக் கடையின் முருங்கைக்காய்ப் பெட்டிகளுக்கு நடுவில் நின்று, உன் பர்சிலிருந்து ஒரு வதிவிட அட்டையை எடுத்து நீட்டினாய்.

"இதிலை இருக்கிறது ஆர்?"

உன்னைப்போல மீசை. நெற்றி அகலம், வயதும் கூட. "தெரியாது."

"நான்தான். கிழமையிலை ஆறு நாள் நான் இவர். வேலையிலை எல்லாரும் இந்தப் பேரைச் சொல்லித்தான் கூப்பிடுவினம். திரான்சியிலை இருக்கிறார், நல்ல மனுசன், இரவல் தந்தவர்." அட்டையைத் திரும்ப வாங்கிக்கொண்டாய். "சின்னவனைக் காலாலை மறி. ஏலாட்டித் தோல். பேப்பர் கேட்டு மறிக்கிறதுக்கு நீ என்ன பொலிசோ?"

எனக்கு ஒன்பது வயதிலேயே அம்மாவோடு சேர்த்து விசா கிடைத்துவிட்டது. லா ஷப்பல் மெட்ரோ வாசலில் பொலிஸ் நின்றால் நான் நேரே நடப்பேன். நீ மட்டும் ஏன் எப்போதும் சப்பாத்து நாடாவைக் கட்டக் குனிந்தாய் என்பது அன்றுதான் விளங்கியது. யுத்தம் முடிந்துவிட்டது, இனி உமக்கு ஆபத்தில்லை என்று உன் அகதிக் கோரிக்கையை நிராகரித்தவர்கள், அதே ஊரில் நீ கழுவிய தட்டில்தான் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள்.

உள்ளே போய், "கார்ட் கேக்கேல்லை. விடுங்கோ" என்றேன். ஜெகன் என்னைத் திட்டிய திட்டை இங்கே எழுத முடியாது.

ஞாயிறு. நீ சொன்னபடியே இடப்பக்கத்தவன் அரைமணியில் களைத்தான். வலப்பக்கத்தவன் போன் கிடந்த தன் பையைப் பார்த்துப் பார்த்தே பந்தைத் தவறவிட்டான். ஒன்றுக்கு ஒன்று. கடைசி நிமிடங்களில் ஒரு நீளப் பந்து, கடைசித் தடுப்பாளனான எனக்குப் பின்னால் விழுந்தது. அதற்கு முன்பே சின்னவன் எனக்குப் பின்னால் நின்றான். நின்றான் என்றுதான் நினைக்கிறேன். ஓடாமல் கையை உயர்த்திக்கொண்டு உன்னைப் பார்த்தேன். கொடி உன் தொடையோடு ஒட்டிக் கிடந்தது. வலை அசைந்தது.

"ஏன் தூக்கேல்லை?"

"ஓஃப்சைட் இல்லை."

ஒரு மாதம் உன்னோடு பேசவில்லை. பிறகு சலூனில் என் பக்கத்துக் கதிரையில் வந்து இருந்தாய். "உன்ர கோவத்துக்கும் ஒரு நாள் லீவு குடனடா" என்றாய். சிரித்துவிட்டேன். அந்தக் கோலைப் பற்றி அதற்குப் பிறகு நாங்கள் கதைக்கவே இல்லை.

மூன்று வருடத்துக்கு முன், நீ குடியிருந்த பியர்ஃபித்திலிருந்து வேலைக்குப் போகும் ரயிலில் உன் நெஞ்சு நின்றது. ஆஸ்பத்திரியில் உன் பெயரைச் சொல்லிக் கேட்டேன். அப்படி ஒருவரும் இல்லை என்றார்கள். உன் பர்சிலிருந்த அட்டையைப் பார்த்து, போன் போனது திரான்சிக்கு. உங்கள் கணவர் இறந்துவிட்டார் என்று அந்த நல்ல மனிதரின் மனைவியிடம் சொன்னபோது, அவர் அவவுக்கு முன்னால் இருந்து தேத்தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தாராம்.

செத்த பிறகும் உன் பெயரை உனக்கு வாங்கித்தர இரண்டு கிழமை பிடித்தது. ஒவ்வொரு அரசாங்கக் கந்தோராக என்னோடு ஏறி இறங்கியவன் யார் தெரியுமா? சின்னவன். அவனுக்கு அப்போது விசா கிடைத்திருந்தது. இவர் இன்னார்தான் என்று சாட்சிக் கையெழுத்து வைத்தவன் அவன். ஒரு வரிசையில் நிற்கும்போது கேட்டேன்: "அண்டைக்கு நீ ஓஃப்சைட்டிலையோ நிண்டனி?"

"எனக்கெப்பிடித் தெரியும்? நான் பந்தைப் பாத்தனான். கொடி பிடிச்சவரைக் கேள்" என்றான்.

போனமாதம் எங்கள் பெடியளில் ஒருவன், எதிரணிக்காரனின் கார்டைக் கேட்போம் என்றான். இப்போது கழகச் செயலாளர் நான். உன் வாக்கியத்தையே சொன்னேன்: நீ என்ன பொலிசோ? அவனும் என்னை முறைத்தான், அன்று நான் உன்னை முறைத்ததுபோல. பரவாயில்லை.

உனக்கு நான் ஒருநாளும் நன்றி சொல்லவில்லை. நன்றி. ஒரு மனிதனைக் காட்டிக்கொடுத்துக் கிண்ணம் தூக்கியவனாக நான் இல்லாதது, நீ என் சட்டைக்கையைப் பிடித்து இழுத்ததால்தான். கொடியைப் பையில் திரும்ப வைக்கவில்லை. என் அறைக் கதவுக்குப் பின்னால் சாத்தி வைத்திருக்கிறேன்.

ஆனால் நீ சொன்னதை நான் கேட்டேன். இப்போது நான் கேட்பதற்கு நீ சொல்லவேண்டும். அவன் உண்மையிலேயே எனக்கு முன்னால்தான் நின்றானா, இல்லை நீ அவனுக்கு ஒரு கோல் கொடுத்தாயா? சொல்லு மச்சான். ஓஃப்சைட்டா, இல்லையா?