அவர் குரலுக்கு நைலான் கம்பி

மே 4, ஞாயிறு
கோயிலில் பூசை முடிந்து வந்ததும் என் வீட்டுக்காரர், "என் செண்ட்-ஆஃபுல ஒரு பாட்டு பாடலாம்னு இருக்கேன் செசி" என்றார். தோசைக்கரண்டியைக் கீழே வைத்துவிட்டேன். தைராய்டு ஆபரேஷனுக்குப் பிறகு ஒன்றரை வருஷமாக ஒரு வரி பாடாத மனுஷன்! முப்பத்திரண்டு வருஷம் சுரங்கத்தில் ஷிப்ட் பார்த்துவிட்டு, இந்த 31ஆம் தேதி ரிட்டயர் ஆகிறார். குரல் மெலிந்துவிட்டது. இருந்தாலும் பாடுகிறேன் என்கிறாரே, மாதாவே, உனக்குக் கோடி நன்றி.

மே 9
சுரங்கக் குடியிருப்பில் எங்கள் பிளாக் ஹாலில் ஒத்திகை. சுரங்கத்தில் வேலை பார்த்துக்கொண்டே இசைக்குழு நடத்தும் அலெக்சாண்டர், கோயிலில் நான் வாசிக்கும் நைலான் கம்பி கிட்டாரைப் பார்த்து முகம் சுளித்தான். "நைலான் கிளாசிக்கலுக்குத்தான்க்கா. சினிமாப் பாட்டுக்கு ஸ்டீல் கம்பி போட்டாதான் எடுப்பா கேக்கும்." தன் ஸ்டீல் கிட்டாரைக் கொடுத்தான். வாசித்தேன். இரண்டே வரியில் இவர் நிறுத்திவிட்டார். "கிட்டார்தான் கேக்குது, நான் கேக்கல."
மறுபடி என்னுடையதையே எடுத்தேன். முழுப் பாட்டையும் பாடினார்! நைலான் அவர் குரலை மிதிப்பதில்லை, கூடவே நடக்கிறது. கோயில் பாட்டோ சினிமாப் பாட்டோ, எனக்கு இதுதான்.

மே 18
ஐயோ, என்ன செய்வேன். நேற்று கிட்டாரை ஹாலிலேயே வைத்துவிட்டு வந்தேன். உதவி செய்கிறேன் என்று அலெக்சாண்டர் அதில் ஸ்டீல் கம்பி மாட்டியிருக்கிறான். அந்த இழுப்பை அது தாங்குமா? கம்பி கட்டும் கட்டை பெயர்ந்தே வந்துவிட்டது. "சத்தமா கேக்கட்டும்னுதான்க்கா..." யாரக் கேட்டுடா கை வச்சன்னு ஹால் அதிரக் கத்திட்டேன்.
இவர் சொன்னது ஒன்றே ஒன்று: "வுடு செசி. பாட்டு வேணாம்." அதுதான் தாங்கல.

மே 19
இன்று ஒத்திகைக்குப் போகவில்லை. அவரும் பாட்டுப் பேச்சை எடுக்கவில்லை.

மே 24
கிட்டார் உடைந்த மறுநாளே அலெக்சாண்டர் ஃபர்ஸ்ட் ஷிப்ட் முடித்த கையோடு கிட்டாரைத் தூக்கிக்கொண்டு வடலூர் போயிருக்கிறான். மரவேலை செய்யும் குமரவேல் பசை போட்டு இறுக்கி, "மூணு நாளு யாரும் தொடாதீங்க" என்றாராம். நைலான் கம்பிக்காக இந்த வெயிலில் பாண்டிச்சேரி வரை பைக். இன்று கொண்டுவந்து கொடுத்துவிட்டு வாசலிலேயே நின்றான். உள்ளே வாடா, சாப்பிடு என்றேன். இவனிடம் எத்தனை நாள் கோபப்பட முடியும்?
இவர் மட்டும் இன்னும் பாடுகிறேன் என்று சொல்லவில்லை.

மே 31
மாலை, சால்வை, பேச்செல்லாம் முடிந்தது. இவராகவே எழுந்தார். என்னைப் பார்த்தார். அலெக்சாண்டர் ஓடிவந்து மைக்கை என் கிட்டாருக்குப் பக்கத்தில் வைத்துவிட்டுத் தன் கீபோர்டை அணைத்தான்.
இரண்டாவது சரணத்தில் குரல் உடைந்தது. நின்றுவிட்டார். நான் நிறுத்தவில்லை, அந்த இடத்தையே மெதுவாகச் சுற்றிச் சுற்றி வாசித்தேன். எத்தனை சுற்றோ தெரியாது. பிறகு சேர்ந்துகொண்டார், கடைசி வரை பாடினார். நன்றி ஆண்டவரே. வேறென்ன எழுத?

ஜூன் 3, செவ்வாய்
குளிக்கும்போது பாடுகிறார். யாரும் பாடச் சொல்லவில்லை. கிட்டாரை எடுக்கப் போய், எடுக்காமல் அடுக்களையிலேயே நின்றுவிட்டேன். நான் கேட்கிறேன் என்று தெரிந்தால் நிறுத்திவிடுவார்.