பேர் போடாத பாட்டு

நண்பரே,

இந்தச் சீடியின் அட்டையில் கடற்கரை இருக்கிறது, தென்னை இருக்கிறது, குடத்தோடு யாரோ ஒரு பெண் நிற்கிறாள். உம்முடைய பெயர் மட்டும் இல்லை. போன கிழமை இங்கே ஜேர்மனியில் ஊன்ட்றொப் அம்மன் கோயில் தேருக்குப் போயிருந்தேன். வளையல் கடைகளின் வரிசையில் ஒரு சீடிக்காரனின் ஒலிபெருக்கியில் உம்முடைய குரல் கேட்டது. நீர் செத்துப்போய் இரண்டு வருடம். கச்சான் கடலைச் சுருளைக் கையில் பிடித்தபடி நின்றுவிட்டேன்.

ஆர் பாடியது என்று கேட்டேன்.

"அது எங்கட பழைய நாட்டுப்பாட்டு அண்ணை. ஆர் பாடினதெண்டு ஒருத்தருக்கும் தெரியாது."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நாட்டுப்பாட்டாம்! விசாவுக்காக வெளிநாட்டவர் அலுவலகத்தில் நம்பர்த் துண்டோடு நிற்கிறவனைப் பற்றி எந்த ஊரில் நாட்டுப்பாட்டு இருக்கிறது? 'கதவு திறக்குது, என்ர பேர் வரேல்லை' என்ற வரியை நீர் வுப்பர்டால் நகரத்துத் தொங்குரயிலில், சலவைத் தொழிற்சாலைக்குப் போய் வருகையில் கட்டினீர். பழம்பொருள் சந்தையில் அள்ளி வந்த அமெரிக்கக் கறுப்பினப் பாடகர்களின் இசைத்தட்டுகள்தான் உமக்குப் பள்ளிக்கூடம். அவர்களுடைய சோல் இசை என்றால் என்னவென்று நான் கேட்டபோது, "அழுறதில்லை ஐசே, அழாமல் நிண்டு காட்டுறது" என்றீர். மூன்றாம் அடியில் உம்முடைய குரல் உடைந்து, அந்த உடைசலிலேயே ஒரு சிரிப்பும் வரும். திருத்திப் பாடச் சொன்னால் மாட்டீர்.

பாட்டைக் கேட்டு அந்தச் சீடிக் கடையைச் சுற்றிக் கண் கலங்கி நின்றவர்களில் ஒருவரை எனக்குத் தெரியும். ஒரு கலியாண மண்டபத்தில் நீர் இதே பாட்டைத் தொடங்கியபோது மேடைக்கு ஏறி வந்து, "தம்பி, இது கலியாண வீடு, செத்த வீடில்லை. சினிமாப் பாட்டொண்டு எடுத்து விடும்" என்று ஒலிவாங்கியைக் கையால் பொத்தியவர். உம்முடைய செத்த வீட்டிலாவது இதைப் போட்டார்களா? மரண அறிவித்தலில் அன்னார் இன்னாரின் மருமகன், கனடாவிலிருக்கும் இன்னாரின் சகலன் என்று அரைப் பக்கம் அடித்தார்கள். பாடினார், பாட்டுக் கட்டினார் என்று ஒரு சொல் இல்லை.

சீடிக்காரனிடம் சொன்னேன்: இதைக் கசற்றாகப் பதிந்தது என் பலசரக்குக் கடையின் பின்னறையில். வெளிச்சத்தம் வராமல் சுற்றிவர அரிசி மூட்டை அடுக்கி, இரைகிறதென்று மீன் வைக்கும் குளிர்ப்பெட்டியையும் நிறுத்திப் பதிந்தது. அவன் நம்பவில்லை. "பாட்டை முடியவிடு, நிப்பாட்டாதை" என்றேன். கடைசி வரிக்குப் பிறகு, மீன் கரைகிறதே என்ற பதற்றத்தில் அன்றைக்கு நான் கேட்டது அப்படியே வந்தது: "முடிஞ்சுதோ? பெட்டியைப் போடட்டோ?"

அதையே நான் இன்னொரு முறை வாயால் சொன்னேன். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். அவன் சிரிக்கவில்லை, என்னையே பார்த்தான்.

"அப்ப கசற்றில ஏன் அண்ணை பேர் போடேல்லை?"

அத்தனை பேருக்கு முன்னால் பணப்பையை எடுத்து, இருக்கிற சீடி எவ்வளவு என்று கேட்டேன். பேர் ஏன் இல்லையென்று உமக்குத் தெரியும். முதற் கசற்றை அடித்து விற்றவன் நான். "உம்மைத் தெரிஞ்சவையும் வாங்காயினம், தெரியாதவையும் வாங்காயினம், பேர் எதுக்கு?" என்று சொல்லி அட்டையில் ஒரு நடிகையின் படத்தைப் போட்டேன். வியாபாரப் புத்தி. விற்கவும் செய்தது. நீர் அந்த அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "பெட்டை வடிவு" என்றீர். பிறகு ஒரு மாதம் கடைப்பக்கமே வரவில்லை. அந்தக் கசற்றிலிருந்து இன்னொருவன் பிரதி எடுத்தான், அவனிடமிருந்து இவன். இவனிடம் நான் என்னத்தைக் கோபிக்கிறது? ஆனாலும் கோபம் அடங்கவில்லை, ஐசே. அடங்கவும் வேண்டாம்.

அவனிடம் இருந்த சீடி எல்லாவற்றையும் வாங்கினேன். கார் நிறுத்துமிடத்தில் குந்தியிருந்து கறுப்புப் பேனையால் ஒவ்வொன்றிலும், அந்தக் குடக்காரியின் தலைக்கு மேலே, உம்முடைய முழுப்பெயரை எழுதினேன். இனி அடிப்பதென்றால் பெயரோடு அடிக்கச் சொல்லி ஒன்றை அவனிடமே கொடுத்தேன். தலையாட்டினான். செய்வானோ தெரியாது. மற்றவை என் கடையில் கல்லாவுக்குப் பக்கத்தில் இருக்கின்றன.

இப்போது கடையில் அந்தப் பாட்டுத்தான் ஓடுகிறது. பான் நகரப் பல்கலைக்கழகத்தில் படிக்கிற ஒரு பிள்ளை நேற்று மிளகாய்த்தூள் வாங்க வந்தவள், கூடவே பாடினாள். மூன்றாம் அடியில் நீர் உடைகிற இடத்தில் அவளும் உடைந்து சிரித்தாள். அப்படித்தான் பாடவேண்டுமென்று நினைத்துப் பழகியிருக்கிறாள். உம்முடைய பெயரைச் சொன்னேன். இரண்டு தரம் சொல்லிப் பார்த்து, ஒரு சீடியைக் கையில் எடுத்தாள்.

முடிவில் என் குரல் வரும் துண்டை வெட்டிவிடலாம் என்று வீட்டில் சொல்கிறார்கள். நான் விடவில்லை. அந்தப் பிள்ளையும் அதைக் கேட்டுவிட்டு நிமிர்ந்து பார்த்தாள்.

"கடைசியில கதைக்கிற ஆள் ஆர் அங்கிள்?"

"நான்தான் பிள்ளை," என்றேன். "பேரை விட்ட ஆள்."