பரணிலிருந்து குதித்தவள்

பாசடீனா,
மார்ச் 4, 2001

அன்புள்ள ஓபல்,

என்னை நினைவிருக்கிறதா? ‘மார்ச் மாதக் குதிரைக்குட்டி’ படத்தில் ஒன்பது வயதில் நடித்த நோரீன். பிள்ளைகளை நான்கு மணி நேரத்துக்கு மேல் வேலை வாங்கக் கூடாது என்று ஸ்டுடியோ டீச்சர் திருமதி ஹெக்லர் என்னை இழுத்துக்கொண்டு போனதும், என்னுடையதைப் போலவே ஒரு கவுனும் விக்கும் மாட்டிக்கொண்டு எனக்குப் பதிலாக முதுகு காட்டி நிற்பீர்களே, அந்த நோரீன்தான்.

அடுத்த மாதம் படத்துக்கு நாற்பது வயது. பெரிய திரையில் போடுகிறார்கள்; என்னைப் பேசச் சொல்கிறார்கள். வைக்கோல் பரணிலிருந்து அப்பா வேடம் போட்ட வெர்னனின் கைகளில் குதிக்கும் காட்சியைத்தான் எல்லோரும் கேட்பார்கள். “பிடிச்சுட்டேன் கண்ணு, விடமாட்டேன்” என்று அவர் காதோரம் சொன்னது இன்னும் கேட்கிறது. பிரசவ அறையிலும் விவாகரத்துக் கோர்ட்டிலும் அதை நினைத்துக்கொண்டுதான் நின்றேன்.

போன வாரம் வீடியோவை நிறுத்தி நிறுத்திப் பார்த்தேன். குதிக்கிறவளின் கெண்டைக்கால் குழந்தையின் கால் இல்லை. குதித்தது யார்? மறைக்காமல் சொல்லுங்கள்.

அன்புடன்,
நோரீன்

---

பேக்கர்ஸ்ஃபீல்ட்,
மார்ச் 11

நோரி செல்லம்,

நாற்பது வருடத்தில் ஒரு கிறிஸ்துமஸ் வாழ்த்து கிடையாது, இப்போது என் கெண்டைக்காலைப் பார்த்துவிட்டு எழுதுகிறாய்! எழுபத்து மூன்று வயதாகிறது. அதே நாலடி ஐந்து அங்குலம்தான். முழங்கால்கள் மட்டும் சொன்னபடி கேட்பதில்லை.

குதித்தது நான்தான். நாலு தடவை. வெர்னன் என் காதில் சொன்னது என்ன தெரியுமா? “அடியே ஓபல், மத்தியானம் என்னத்தத் தின்னே? என் இடுப்பு போச்சு!” சிரிப்பில் என் முதுகு குலுங்கியது. ஜனங்கள் அதை அழுகை என்று நினைத்துத் தாங்களும் அழுதார்கள்.

கடிதத்தை வாங்கிப்போகத் தபால்காரர் வந்துவிட்டார்.

ஓபல்

---

பாசடீனா,
மார்ச் 16

அன்புள்ள ஓபல்,

அப்படியானால் என் காதில் கேட்கும் குரல் எங்கிருந்து வந்தது? வெர்னனும் போய்விட்டார், கேட்க ஆளில்லை. உங்கள் குதிப்பை என்னுடையது என்று நாற்பது வருடமாகச் சொல்லித் திரிந்திருக்கிறேன். வெட்கமாக இருக்கிறது. மேடைக்கு வர முடியாது என்று சொல்லிவிடப் போகிறேன்.

நோரீன்

---

பேக்கர்ஸ்ஃபீல்ட்,
மார்ச் 20

அவசரக்குடுக்கையே,

பாதியில் மடித்து அனுப்பியது என் தப்பு. மீதியைக் கேள்.

அன்றைக்கு விளக்கெல்லாம் அணைத்து, கேமராவையும் பெட்டியில் வைத்துப் பூட்டிவிட்டார்கள். நீ காலை உதைத்துக்கொண்டு, “ஓபல் மட்டும் குதிக்கலாம், நான் குதிக்கக் கூடாதா?” என்று ஒரே ரகளை. டைரக்டர், “விழுந்து வச்சா என் வேலை போயிடும் பாப்பா” என்று கெஞ்சினார். திருமதி ஹெக்லர் உன்னைப் பார்த்தாள், கடிகாரத்தைப் பார்த்தாள். “எனக்கு ஒரு காபி வேணும்” என்று சொல்லிவிட்டு வெளியே போய்விட்டாள். அதற்குள் நீ ஏணியில் பாதி ஏறியிருந்தாய்.

வெர்னன் இடுப்பைப் பிடித்துக்கொண்டே வந்து கீழே நின்றார். நீ கண்ணை மூடிக்கொண்டு குதித்தாய். அவர் உன் காதோரம் சொன்னதை நானும் கேட்டேன். வசனத்தில் அப்படி ஒரு வரியே இல்லை.

உன்னைத் தேற்றக் கதை கட்டுகிறேன் என்று நினைக்காதே. கட்டுவதென்றால் முதல் கடிதத்திலேயே கட்டியிருப்பேன். போய்ப் பேசு.

உன் ஓபல்

---

பாசடீனா,
ஏப்ரல் 22

அன்புள்ள ஓபல்,

கூப்பிட்டும் நீங்கள் விழாவுக்கு வராததில் எனக்குக் கோபம்தான். ஆனாலும் போனேன்.

படம் முடிந்ததும், “நீங்க எல்லாரும் அழுதீங்களே, அந்த முதுகு என்னோடது இல்ல, ஓபல் ஜெஸ்ஸப்போடது. டைட்டில்ல அவங்க பேரே கிடையாது” என்றேன். எல்லோரும் எழுந்து நின்று கைதட்டினார்கள். உங்களுக்குத்தான், ஓபல். நெடுநேரம்.

அது அடங்கியதும் பின்வரிசையில் ஒரு பெண், என்மேல் பரிதாபப்பட்டுத்தான் கேட்டாள்: “அப்போ நீங்க குதிக்கவே இல்லையா?”

விளக்கணைத்த பிறகு நடந்ததெல்லாம் நாக்கு நுனி வரைக்கும் வந்துவிட்டது. “படத்துல இல்லம்மா” என்று மட்டும் சொல்லிவிட்டு உட்கார்ந்தேன். என் வாழ்க்கையில் முதல்முறையாக அந்தக் குதிப்பை யாருக்கும் காட்டாமல் வைத்துக்கொண்டேன். மனசு நிறைந்துவிட்டது.

என்றும் உங்கள்,
நோரி