அப்பாவின் துப்பாக்கிக்கு நான் வாங்கிய லைட்டு

என் அன்பு அப்பாவுக்கு,

நீங்கள் போய் ஒரு வருஷம் ஆகிறது. தேஹு ரோட்டில் நம் தமிழ் ஆட்கள் போடும் ஆண்டு மலருக்கு உங்களைப் பற்றி நாலு நல்ல வார்த்தை கேட்டார்கள். ராணுவ டிப்போவில் காலமெல்லாம் உழைத்தவர், ஓய்வு பெற்றபின் நகைக்கடைக் காவலுக்கு நின்றவர், பொய் பேசாதவர் என்று எழுதியிருக்கலாம். அது எல்லாருக்கும் தெரிந்ததுதானே. உங்களுக்குத் தெரியாத ஒன்றை எழுதுகிறேன்.

அந்தக் காவல் வேலைக்காக லைசென்ஸ் எடுத்து வாங்கிய இரட்டைக்குழல் துப்பாக்கி, வேலையை விட்டபிறகும் வீட்டிலேயே இருந்தது. நம் வரிசையில் இரண்டு வீடுகளில் திருட்டுப் போனதும் அதில் ஒரு லைட்டு மாட்ட வேண்டும் என்றீர்கள். தம்பி பாபு கராடியில் வேலை வேலை என்று ஓடிக்கொண்டிருந்தான். விஷ்ராந்த்வாடியில் என் புகுந்த வீட்டிலிருந்து உங்களைப் பார்க்க வந்த என்னிடம் சொன்னீர்கள்.

"லைட்டு சுடறதுக்கு இல்லம்மா. எதிர்ல நிக்கறது யாருன்னு பாக்கறதுக்கு. வெடிச்சா துப்பாக்கி உதைக்கும். அந்த உதையில பேட்டரி எகிறக் கூடாது, ரெண்டு பக்கமும் ஸ்பிரிங் இருக்கணும். ஒடம்பு கெட்டி அலுமினியமா இருக்கணும், தண்ணி உள்ள பூரக் கூடாது. மொத வெடியிலயே அணையற லைட்டு இல்லாமலே இருக்கலாம். பாத்து வாங்கிக்கினு வா."

ஒன்றையும் நான் மறக்கவில்லை. கேம்ப் கடைத்தெருவில் ஒரு கடையில் நீங்கள் சொன்னது அத்தனையும் உள்ள லைட்டு இருந்தது. கையில் எடுத்துப் பார்த்தேன். கனமாக இருந்தது. அதைக் கீழே வைத்துவிட்டுப் பக்கத்தில் இருந்த பிளாஸ்டிக் லைட்டைக் கேட்டேன்.

"யே சைக்கிள் கா ஹை, மேடம். பந்தூக் பே நஹீ டிகேகா" என்றார் கடைக்காரர். சைக்கிள் லைட்டு, துப்பாக்கியில் தாங்காது என்று தெளிவாகவே சொன்னார். "சலேகா", பரவாயில்லை என்று வாங்கிக்கொண்டேன்.

காசுக்காக இல்லை அப்பா. சந்தீப்பை முதன்முதலில் வீட்டுக்கு அழைத்து வந்த நாள் நினைவிருக்கிறதா? மராட்டிப் பையன், காலில் விழ வந்தான். நீங்கள் மடியில் அதே துப்பாக்கியை வைத்துத் துடைத்துக்கொண்டே, "கித்னா தேஸ் பாக்தா ஹை தூ?" என்று கேட்டீர்கள். எவ்வளவு வேகமாக ஓடுவாய் என்று. எனக்குப் புருஷனாக வரப்போகிறவனிடம். குனிந்தவன் அப்படியே வாசல்வரை பின்வாங்கினான். அந்தத் துப்பாக்கிக்கு ஒரு நல்ல பொருளை என் கையால் வாங்கித் தர எனக்கு மனசு வரவில்லை. உங்களை ஒருமுறையாவது ஏமாற்ற வேண்டும் என்றும் இருந்தது.

"துப்பாக்கிக்குன்னே செஞ்சதாம்பா" என்றேன். நீங்கள் நிலைப்படியில் இரண்டு தட்டுத் தட்டிப் பார்த்தீர்கள். "நீ பாத்து வாங்கினதுன்னா சரிதான்" என்று சொல்லி, நீங்களே ஸ்குரூ முறுக்கித் துப்பாக்கியில் மாட்டினீர்கள். என் கல்யாணத்துக்குப் பிறகு நீங்கள் என்னிடம் இதமாகச் சொன்னது அது ஒன்றுதான்.

அந்த ஆடி மாதத்து முன்னிரவில் மழை கொட்டியது, கரண்டும் போனது. முன்தெருவில் தண்ணீர் நின்றதால் பாபு பின்பக்கக் கேட்டைத் திறந்து வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்தான். ரெயின்கோட், ஹெல்மெட். உங்கள் லைட்டில் முகமில்லாத ஓர் ஆள் தெரிந்தான். "கோன் ஹை? யாரது?" என்று கத்திவிட்டு வானத்தைப் பார்த்து ஒரு வெடி போட்டீர்கள். லைட்டு அணைந்தது.

ஆஸ்பத்திரியில் பாபு என்னிடம் சொன்னான்: "சத்தம் கேட்டதும் ஹெல்மெட்ட கழட்டிட்டேன்க்கா. அப்பா, நாந்தான்னு சொன்னேன்." அந்த முகத்தைக் காட்ட வெளிச்சம் இல்லை. வெடிச் சத்தத்தில் உங்கள் காதும் அடைத்திருந்தது. ஆள் சாகக் கூடாது என்று தாழக் குறிவைத்து இரண்டாவது குழலையும் வெடித்தீர்கள். பாபுவின் வலது காலை முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள்.

அதற்குப் பிறகு நீங்கள் எல்லாரிடமும் ஒன்றையே சொன்னீர்கள். போலீஸ்காரரிடம், ஜாமீனுக்கு வந்த வக்கீலிடம், பால்காரரிடம்கூட. "நான் ஸ்குரூவ சரியா முறுக்கல. இன்னும் ரெண்டு சுத்து முறுக்கியிருக்கணும்." சோறு வைத்தால் தள்ளினீர்கள். மேசைமேல் விரலால் இல்லாத ஸ்குரூவை முறுக்கிக்கொண்டே இருந்தீர்கள். நான் எதிரில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன். "அது சைக்கிள் லைட்டுப்பா" என்று சொல்ல எனக்குப் பதினோரு மாதம் இருந்தது. கடைசி நாளில் பாபுவின் கையைப் பிடித்து, "நாந்தான் முறுக்கலடா" என்றபோதும் வாயைத் திறக்கவில்லை. பயமா? இல்லை, நீங்கள் அனுபவிக்கட்டும் என்றிருந்தேனா? இன்றும் எனக்குத் தெரியவில்லை.

இங்கத்திய சேதி இதுதான். பாபுவுக்குச் செயற்கைக் கால் பொருத்தியிருக்கிறார்கள். ஈர நாளில் வலிக்கிறது. நிச்சயம் செய்த பெண்வீட்டார் மரியாதையாக விலகிக்கொண்டார்கள். அவன் உங்களை இன்னும் மன்னிக்கவில்லை. உங்கள் படத்துக்குப் பூ வைப்பதில்லை. "ஒரு ஸ்குரூகூட ஒழுங்கா முறுக்கத் தெரியாத மனுஷன்" என்று போன வாரம்கூடச் சொன்னான். நான் அவனுக்குக் காபி ஆற்றிக் கொடுத்தேன்.

இந்தக் கடிதத்தை ஊரே படிக்கும், பாபு படிக்க மாட்டான். அவனுக்குத் தமிழ் எழுத்து வராது. அந்தத் தைரியத்தில்தான் இவ்வளவையும் எழுதினேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். அது போதாது. ஞாயிற்றுக்கிழமை, கராடியில் அவன் இப்போது தங்கியிருக்கும் அறைக்குப் போய், அவன் எதிரில் உட்கார்ந்து, இதை ஒரு வார்த்தை விடாமல் வாசித்துக் காட்டுவேன். அவன் என்னை எழுந்து போகச் சொன்னாலும், முடித்துவிட்டுத்தான் போவேன். இது சத்தியம் அப்பா.

இப்படிக்கு,
உங்கள் மகள்,
ஞாயிற்றுக்கிழமை வரைக்கும் பாபுவின் அக்கா.