அந்த நாற்றத்துக்குப் பெயர் இருக்கிறது, நைனா

என் நைனாவுக்கு,

நான் விமானம் ஏறினேன் என்றால் நம்புவாயா? பள்ளி செஸ் அணியோடு ஹங்கேரி போய் வந்தேன். போட்டி முடிந்ததும் டான்யூப் ஆற்றங்கரையில் ஒரு சின்ன ஊருக்குக் கூட்டிப்போனார்கள். பூமிக்கடியிலிருந்து வெந்நீர் வரும் ஊர். துருக்கியர் ஆண்ட காலத்துக் குளியல் மண்டபம் இன்னும் இருக்கிறது. கூரை ஓட்டைகள் வழியே வெயில் தண்ணீரில் விழும் என்று படித்துவிட்டுத்தான் போனேன்.

ஒன்றை மட்டும் புத்தகம் சொல்லவில்லை. கதவைத் திறந்ததும் அழுகின முட்டை நாற்றம். நம் சடையங்குப்பத்தில் காற்று மாறும்போது கம்பெனியிலிருந்து வருமே, அதே.

துண்டைத் தண்ணீரில் முக்கி மூக்கில் கட்டிக்கொண்டு, என் அணித்தோழி ரெஜினாவின் கையைப் பிடித்து இழுத்து, "கேஸுடீ! ஓடு!" என்று கத்தினேன். கழுத்தளவு நீரில் இருந்த கிழவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். ஒருவர்கூட எழவில்லை.

வாசலில் ரெஜினா கையை உதறினாள். "இன்னாடி பேஜாரு பண்ற! அவங்க சோக்கா குந்திகினு கீறாங்க, நீ இன்னாடான்னா திருடன் மாரி மூஞ்சிய கட்டிகினு ஓடியார!"

அங்கே வேலை செய்யும் அக்கா பதறி வந்தாள். "இது என்ன நாற்றம்?" என்று தெரிந்த ஆங்கிலத்தில் கேட்டேன். கந்தகம் என்றாள். பாறைக்குள்ளிருந்து வருகிறதாம். மூட்டுவலிக்காரர்கள் இதற்காகவே வருவார்களாம். இதய நோய் இருந்தால் அதிக நேரம் இருக்கக்கூடாதாம். கேட்டதும் சொல்லிவிட்டாள், நைனா!

அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. படியிலேயே உட்கார்ந்து அழுதேன். நீ இருமிக்கொண்டே கம்பெனி கேட்டில் இதே கேள்வியைக் கேட்டாய். வாட்ச்மேன் என்ன சொன்னார்? "அதெல்லாம் ஒண்ணியும் இல்ல, போய்க்கினே இரு." வீட்டுக்கு வந்து என்னிடம் சொன்னாய்: "நாத்தம் வந்தா கேள்வி கேக்காத கண்ணு. துணிய நனைச்சிகினு ஓடு."

உன் நெஞ்சுக்குள் என்ன போயிற்று என்று ஆஸ்பத்திரியிலும் யாரும் சொல்லவில்லை. அதன் பெயர்கூடத் தெரியாமல் போய்விட்டாயே!

ரெஜினா குளித்தாள். நான் இறங்கவில்லை.

ஊர் திரும்பிய அன்றே இங்கே காற்று மாறியது. அம்மா ஜன்னலைச் சாத்தினாள்.

நீ சொன்னபடி ஓடுவேன், நைனா. ஓடி, மூச்சு வாங்கியதும் திரும்பி வருவேன். அந்தக் கேட்டில் நின்று நாற்றத்தின் பெயரைக் கேட்பேன். "ஒண்ணியும் இல்ல" என்றால் நகரமாட்டேன்.

உன் ஈரத்துணிக்கார மகள்,
தமிழரசி